கடைசி வரிசையில் வந்த கப்பல்

மாமா,

இன்று காலை நம் தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனது. கண்புரை உள்ள பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் இலவச முகாம், போக வர பஸ் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு என்று பதிவுசெய்த ஒரு பெண் குரல் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் கண் முகாம் என்று காதில் விழுந்தால் எனக்குக் கை வேலை ஓடுவதில்லை. ஏன் என்று உங்கள் மகனுக்குத் தெரியாது. அவர் உள்ளே டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த நாளிலிருந்து தெரியும் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அத்தை இறந்த பிறகு, எண்பதுகளின் நடுவில், ராயபுரத்தை விட்டு, உங்கள் மகனுக்குக் கொடுத்திருந்த ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தீர்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜெபப் புத்தகம், செய்தித்தாளில் சுற்றிய மீன் கத்தி. மாமனார் வரப்போகிறார் என்று திரைச்சீலையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தேன். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்கு வந்தீர்கள், நான் கழுவிக்கொண்டிருந்த சங்கரா மீனை மோந்து பார்த்தீர்கள்.

"இன்னாமா ரோசு, மீனை இப்டியா கயுவுவே? அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. உங்கள் பேச்சே எனக்கு முதல் ஆறு மாதம் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதியும் கோபம்தான் வரவழைக்கும். ஆனால் அன்றைக்கே மீன் வேலை என் கையைவிட்டுப் போனது. அதற்காக உங்களை மன்னித்தேன். அப்போதே உங்கள் இரண்டு கண்ணிலும் புகை படிந்திருந்தது. எதிரில் வருகிறவர் ஆணா பெண்ணா என்று நடையை வைத்துத்தான் சொல்வீர்கள். இருந்தும் அரைக் கிலோ நெத்திலியைக் கைத்தடவலிலேயே தலை கிள்ளிச் சுத்தம் செய்துவிடுவீர்கள், ஒரு செதில் மிஞ்சாது.

குவார்ட்டர்ஸில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எதிர்வீட்டில் திருநெல்வேலி, பக்கத்தில் வேலூர், மாடியில் தஞ்சாவூர். நீங்கள் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் கடற்படையில் இருந்தவர் என்று உங்கள் மகன் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "எத்தனை கப்பலை மூழ்கடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லபா. மூழ்காம பாத்துக்கிறதுதான் நம்ப வேலை."

கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். எனக்கும்தான். பீரங்கி, எதிரி, வெற்றி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தால், சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன கதைதான் வரும். வரிசை வரிசையாக அரிசியும் நிலக்கரியும் ஏற்றிய கப்பல்கள் நடுவில் போகும். உங்களுடையது போன்ற சின்னச் சண்டைக் கப்பல்கள் ஓரத்திலும் பின்னாலும் சுற்றிச் சுற்றி வரும். வாத்து ஓட்டிக்கொண்டு போகிறவன் வேலை என்பீர்கள். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று புகையைக் கக்கி ஊருக்கே தான் வருவதைச் சொல்லும். நீர்மூழ்கி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் தண்ணீருக்குள் குண்டு போடுவார்கள். பெரும்பாலும் மீன்தான் செத்து மிதக்கும், அன்றைக்கு மெஸ்ஸில் குழம்பு. எதிரியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று கூச்சமில்லாமல் சொல்வீர்கள். கப்பலில் உங்கள் வேலை விளக்கில் சேதி சொல்வது. வயர்லெஸ்ஸில் பேசினால் எதிரி கேட்டுவிடுவான் என்பதால், கப்பலுக்குக் கப்பல் பேச்சு எல்லாம் விளக்கை மூடித் திறந்துதான்.

இவ்வளவும் பலமுறை கேட்டிருக்கிறேன். இதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது தெரியவந்தது என்னால்தான், அதுவும் நான் செய்துகொண்டிருந்த ஒரு திருட்டு வேலையால்.

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். வண்டிகளுக்குப் போகும் விரல் நீளப் பின்கள். ஒரு தட்டுக்கு நூறு. அதில் பத்தை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்போது பத்து இரண்டாகும், இரண்டும் இல்லாமல் போகும். சரக்கு ஏறிப் போய்விடும், தாளை மட்டும் வீட்டுக்கு எடுத்துவருவேன். வழக்கமாக வரும் எண்களையே கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று கலந்து போட வேண்டும். ஒரே எண்ணாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். அப்படிக் கலந்து போடுவதில் எனக்குப் பட்டறையில் நல்ல பேர்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். எதிரில் நீங்கள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். என் பேனா நிற்காமல் ஓடுவது கேட்டிருக்கும் போல.

"இன்னாமா எய்திகினு கீறே?"

"பட்டறைத் தாள் மாமா. பின்னோட அளவு."

"பின்னு எங்க?"

"அது மத்தியானமே லாரியில போயிடுச்சு."

"போனதுக்கு அப்பால இன்னாத்த அளக்குறே?"

எனக்குச் சுருக்கென்றது. பிடிபட்ட கோபம். "எல்லாரும் இப்படித்தான் மாமா எழுதுறாங்க. எப்பவும் சரியாத்தான் வரும். இதுவரைக்கும் ஒரு தப்பும் வந்ததில்லை."

"எப்பவும் சரியாத்தான் வரும்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னீர்கள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போனீர்கள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. மருமகளிடம் குற்றம் கண்டுபிடிக்க இதுவும் ஒரு வழியா என்று பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். ஓசை உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

மறுநாள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பின்பக்கக் குழாயடியில் நெத்திலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் மகன் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்ற நான் பக்கத்தில் நின்றேன். கேட்காமலே நீங்களாகத் தொடங்கினீர்கள்.

கல்கத்தாவிலிருந்து கொழும்புக்கு. பதினாலு சரக்குக் கப்பல், காவலுக்கு இரண்டு. உங்கள் கப்பலுக்குப் பின்வரிசைப் பொறுப்பு. கடைசியில் ஒரு பழைய கரிக் கப்பல், பேர் ஏதோ இங்கிலீஷில் சொன்னீர்கள், ஆனால் நீங்கள் எல்லாரும் எருமை என்றுதான் கூப்பிட்டீர்கள். வேகமும் கிடையாது, சொன்னால் முதல் தடவையில் புரிவதும் கிடையாது.

"எது சொன்னாலும் ரெண்டு தபா சொல்லணும் அதுக்கு. பேஜாரு. ஆனா பக்கத்துல போனா ஒர்த்தன் துண்டை ஆட்டுவான்மா. சிட்டகாங்கு ஆளா இருக்கும். தெனமும் ஆட்டுவான். நாங்களும் ஆட்டுவோம்."

விளக்குப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு என்றீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை அனுப்பினால், எதிர்க் கப்பல் ஒரு வெளிச்சம் காட்ட வேண்டும். வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். கடைசி வார்த்தைக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் நோட்டில் நேரம் எழுத வேண்டும். அதுதான் விதி. ஆனால் பொழுது சாய்வதற்குள் பின்வரிசை முழுவதற்கும் சொல்லி முடிக்க வேண்டியிருந்ததால், நீங்கள் எல்லாரும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவீர்கள். எழுதிவிட்டுத்தான் விளக்கைத் தொடுவீர்கள்.

"எப்பவும் பதிலு வரும்மா. எப்பவும் சரியாத்தான் வரும்."

அன்று சேதி இதுதான். வழியில் நீர்மூழ்கி இருப்பதாகத் தகவல். இருட்டியதும் எல்லாக் கப்பலும் கிழக்கே திரும்ப வேண்டும். நோட்டில் நான்கு கப்பலுக்கும் நேரம் எழுதியாகிவிட்டது. மூன்று கப்பல் ஒழுங்காக வாங்கிக்கொண்டன. எருமைக்கு நேர் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக அனுப்பினீர்கள், வழக்கம்போல இரண்டு தடவை. கடைசி வார்த்தைக்கு அங்கிருந்து ஒரு பளிச்.

"வெளக்கா, கண்ணாடில பட்ட வெய்யிலா? அந்த நிமிசமே எனக்கு டவுட்டுமா. இன்னொரு தபா போட்ருக்கலாம். ஆனா நோட்டுல டைம் எய்திட்டேனே. அத்த அடிக்கணும். அடிச்சா ஆபீசரு ஏன்னு கேப்பாரு. நாங்க முன்னாடியே எய்துறது தெரிஞ்சிடும். நாலு பேரு மாட்டுவோம். ஆபீசரு கேட்டாரு, எல்லாம் வாங்கிகினாங்களான்னு. வாங்கிகினாங்க சார்னு சொல்டேன்."

விடிந்து எண்ணியபோது பதிமூன்று இருந்தது. ஆபீசர் உங்கள் நோட்டைத் திறந்தார். நேரம் எழுதியிருந்தது. சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது, அவன்தான் தூங்கிவிட்டான் என்று மூடிவிட்டார். ஒன்றைத் தேடப் பதிமூன்றை விட்டுப் போக முடியாது. நீங்கள் எல்லாரும் போய்க்கொண்டே இருந்தீர்கள். கொழும்பில் இறங்கிய மறுநாளே உங்களை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். எருமை என்ன ஆனது என்று யாரிடமும் கேட்கவில்லை.

"அவன் மேல பழிய போட்டுட்டாங்கமா, தூங்கிட்டான்னு. நான் அங்கியே நின்னுகினு கீறேன். வாய தொறக்கல."

கையில் ஒரு நெத்திலி அப்படியே இருந்தது. அதன் தலையைக் கிள்ளவே இல்லை நீங்கள். அது விளக்காகவே இருந்திருக்கலாம் மாமா என்று சொல்ல நினைத்தேன். அதை நீங்கள் நாற்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்திருப்பீர்கள் என்று தோன்றியது. செம்பில் மீதியிருந்த தண்ணீரை உங்கள் கையில் ஊற்றினேன்.

திங்கட்கிழமை பட்டறையில் பத்துக்குப் பத்தையும் அளந்தேன். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமா ரோசு, லாரி நின்னுகினு கீது, நீ இங்க பூஜை பண்ணிகினு கீறே?" அதற்கப்புறம் பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அளக்காமல் ஓர் எண்கூட எழுதவில்லை. நல்ல பேர் போய், பிடிவாதக்காரி என்ற பேர் வந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதே கையால், இதே வாயால் பிறகு செய்ததைச் சொல்லப் போகிறேன், அதனால் சொல்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காபி குடிக்கும்போது கேட்டீர்கள். "கேட்டுப் பாக்கலாமா ரோசு?" என்ன என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பழைய கப்பல்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறதாம். பூந்தமல்லியில் ஓய்வுபெற்ற ஒரு கடற்படைக்காரரிடம் அந்த விலாசம் இருக்கிறது என்றீர்கள். நானே அழைத்துப் போகிறேன் என்றால் கேட்கவில்லை. தனியாகப் போனீர்கள். கண்டக்டர் பேச்சை நம்பிக் குமணன்சாவடியில் இறங்கி, அங்கே நான்கு டீக்கடையில் விசாரித்து, மதிய வெயிலில் நடந்தே பூந்தமல்லி போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். சட்டைப் பையில் விலாசத்தோடு சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் வெந்து போயிருந்தது. உங்கள் மகன் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் தமிழில் சொல்ல, கான்வென்ட்டில் படித்த என் இங்கிலீஷில் எழுதினேன். சேதி அனுப்பியவன் நான்தான் என்று எழுதச் சொன்னீர்கள். அது எதற்கு மாமா, கப்பல் என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்போமே என்றேன்.

"எய்துமா. யாரு கேக்குறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

எழுதினேன். ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் உங்கள் கழுத்து திரும்பும். நானும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

வந்த அன்று நான் பட்டறையில் இருந்தேன். ஆறு மணிக்கு வந்தால், நீங்கள் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் பிரிக்காத உறை. மதியத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள். யாரிடமாவது கொடுத்துப் படித்திருக்கலாம். எனக்காகக் காத்திருந்தீர்கள்.

"படிமா" என்றீர்கள்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிரித்தேன். ஒரே தாள், டைப் அடித்தது. முதல் இரண்டு வரி, உங்கள் கடிதம் கிடைத்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதெல்லாம். அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் கீழே ஓடிவிட்டது. ஓடியிருக்கக் கூடாது. கீழே இருந்ததைக் கண்டுவிட்டேன். நிமிர்ந்தால் உங்கள் முகம். புகை படிந்த அந்த இரண்டு கண்ணும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. உங்கள் கை இரண்டும் முழங்காலில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"கப்பல் திருகோணமலை போய்ச் சேர்ந்துடுச்சாம் மாமா. நாலு நாள் லேட்டா."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. திருகோணமலை என்ற பேர் எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. உங்கள் கதைகளில் எங்கோ கேட்டிருப்பேன்.

"திருப்பிப் படி."

திருப்பிச் சொன்னேன். குரல் நடுங்காமல் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மீதே எனக்குப் பயம்.

"ஆளுங்க?"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்களாம் மாமா."

பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். "எருமை! நாலு நாளு லேட்டு! பாத்தியா அதுக்கு புத்திய!" சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதீர்கள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கடிதத்தைக் கேட்டீர்கள். கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாங்கி, நான்காக மடித்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் பிளாக் முழுவதற்கும் பாதுஷா. எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம், "நம்ப தோஸ்து ஒருத்தன் ஊடு போய் சேந்துட்டான்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் சண்டைக் கதையே உங்கள் வாயில் உயிரோடு வந்தது. கடைசி வரிசையில் வந்த எருமைதான் எல்லாக் கதையிலும் நாயகன். நாலு நாள் லேட் என்னும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கதை தொடங்கினால் எனக்கு அடுப்பில் வேலை வந்துவிடும், உள்ளே போய்விடுவேன். நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். குளிக்கும்போது பாடினீர்கள். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்றால் ஒரு பொய் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சந்தோஷமாகவும் இருந்தேன்.

என்ன செய்தது என்று சொல்கிறேன். அதுவரை உங்களைக் கண் ஆபரேஷனுக்கு நச்சரித்தவள் நான்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். நீங்களும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவீர்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண் தெரிந்தால் ஜெபப் புத்தகத்தைத் திறப்பீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். நான் பொய் சொன்னது வெளியே வரக் கூடாது என்பதற்காக, உங்களை இருட்டிலேயே வைத்திருக்கத் துணிந்தேன். உங்கள் மகன் பேச்செடுத்தாலும், இந்த வயசில் எதற்குக் கத்தி, சர்க்கரை வேறு இருக்கிறது என்று நானே தடுத்தேன். மருமகள் எவ்வளவு அக்கறை என்று அவர் நினைத்தார்.

ஆனாலும் ஒரு முகாமுக்கு அவர் உங்கள் பேரைக் கொடுத்துவிட்டார். அம்பத்தூரில், ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். காலையில் உங்கள் அறைக்கு வந்தால், ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"நைனா, கிளம்பு, பஸ் வந்துடும்" என்று உங்கள் மகன் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"நான் வரலடா. பாத்த வரைக்கும் போதும்." என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கு இன்னா வோணுமோ ரோசு படிச்சு சொல்லும்."

அவர் எவ்வளவோ கெஞ்சினார், கடைசியில் கத்தினார். நீங்கள் அசையவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதை உணர்ந்தேன். அப்படி இறங்கியதற்காக என்னை நான் வெறுத்தேன். அன்று மத்தியானம் உங்களுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்தேன்.

தொண்ணூறுகள் பிறந்த கொஞ்ச நாளில் உங்களுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். பார்வையாளர் நேரத்தில் நான் மட்டும் இருந்தேன். உங்கள் மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஜெபப் புத்தகத்தை எடுக்கச் சொன்னீர்கள். ஜெபம் படிக்கத்தான் என்று நினைத்தேன்.

"அந்த லெட்டர ஒரு தபா படிமா."

எடுத்தேன். மடிப்புகள் நைந்திருந்தன. எழுத்துகள் என் கண்ணுக்கு நேராக, ஒன்றும் மாறாமல், அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். உங்கள் கடிதம் கிடைத்தது, தாமதத்துக்கு வருந்துகிறோம். கப்பல் நாலு நாள் தாமதமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தது. ஆட்கள் எல்லாரும் பத்திரம்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் தலை லேசாக அசைந்தது.

"அன்னிக்கு திருகோணமலைன்னு படிச்சே" என்றீர்கள்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சேதியை ஒரு வார்த்தை பிசகாமல் வாங்கிப் பழகிய ஆளிடம் போய்ப் படித்திருக்கிறேன். தாளை அவசரமாக மடித்தேன். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். போர்வைக்கு வெளியே கையை நீட்டி, தடவி, என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"பரவால்லமா. ரெண்டும் நல்ல ஆர்பருதான்."

பிறகு தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன். உங்கள் மகன் மருந்தோடு வந்துவிட்டார். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். இடையில் அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

அன்றைக்குத்தான் தெரிந்ததா, இல்லை முகாமுக்கு வர மாட்டேன் என்ற காலையிலேயே தெரியுமா, அதுவும் இல்லை, செருப்போடு நான் நின்று படித்த அந்த ஆறு மணிக்கே தெரிந்துதான் சிரித்தீர்களா? தெரிந்துகொண்டே எனக்காகப் பாதுஷா வாங்கிக் கொடுத்தீர்களா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நாளில் போய் நிற்கிறது.

குவார்ட்டர்ஸைவிட்டு வந்து வெகு காலமாயிற்று. பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. எனக்கும் ஒரு கண்ணில் புகை படியத் தொடங்கியிருக்கிறது, இன்னொன்றால் சமாளிக்கிறேன். கடிதத்தை நீங்கள் மடித்த மடிப்பிலேயே வைத்திருக்கிறேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, இப்போது அதை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டீர்கள், இரண்டு தடவையும் நான் படிக்கவில்லை. இப்போது படிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம். நீங்கள் கேட்டிருக்கும் கப்பல் அன்றிரவு கப்பல் வரிசையிலிருந்து பிரிந்தது. ஏன் பிரிந்தது என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை. இரண்டு நாள் கழித்து அது தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது.

ஆளுங்க, என்று கேட்டீர்களே. நாற்பத்தொன்பது பேர், மாமா. ஒருவரும் வரவில்லை.